மேல் சக்கரத்துச் சத்தம்

12 ஜூன் 2025, வியாழன்

இன்று மூன்று முறை மின்சாரம் நின்றது. மூன்று முறையும் கேட்டேன்.

மின்சாரம் இருக்கும்வரை இத்தெருவில் கத்திச் சொல்லாவிட்டால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. இருபுறமும் விசைத்தறிகள், நடுவே எங்கள் மரப்பட்டறை. மின்சாரம் போனதும் எல்லாத் தறிகளும் ஒருசேர அடங்கிவிடும். ஆனால் எங்கள் பேண்ட்சா ரம்பத்தின், பட்டைப் பிளேடைச் சுழற்றும் இரண்டு வார்ப்பிரும்புச் சக்கரங்களும் உடனே நிற்பதில்லை. பெற்ற வேகம் தீரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அமைதியில்தான் அது கேட்கிறது. டப். சற்று இடைவெளி. டப். இடைவெளி நீண்டுகொண்டே போய்க் கடைசியாக ஒன்று வரும். பிறகு வராது. வராது என்று தெரிந்தும் இன்னொன்றுக்காக நிற்கிறோம்.

பட்டறையில் வேலை பார்க்கும் பேச்சிராஜ் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, சின்னண்ணாச்சி நடக்காக."

"சக்கரத்தில் ஏதோ பழுது" என்றேன்.

"பழுதுதான். யாரு இல்லன்னா? ஆனா நான் அந்த எடத்துல நிக்கமாட்டேன்."

அந்த இடம் என்று அவன் சொன்னது பேண்ட்சா மேசையின் முன்பக்கம். என் தம்பி துரைப்பாண்டி நின்ற இடம்.

14 ஜூன், சனி

முறையாக எழுதிவைக்கிறேன். எழுதினால் எதற்கும் ஓர் அளவு தெரியவரும்.

சென்ற ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், தம்பி, தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தான். பாதி வெட்டில் இதயம் நின்று விழுந்தான். நாற்பத்து நான்கு வயது. ரம்பம் அவனைத் தொடவில்லை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கோமதித்தாய்தான் வீட்டிலிருந்து ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நான் அப்போது வங்கியில் இருந்தேன்.

அதன்பின் ஏழு மாதம் எந்திரத்தை யாரும் தொடவில்லை. தொட அவள் விடவில்லை. "அவுக கை வச்சபடியே கெடக்கட்டும் அத்தான்" என்றாள். பாதி வெட்டிய மரக்கை பிளேடின் வாயிலேயே தங்கியிருந்தது. பழைய வேட்டி ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் மூடினோம். மரக்கைகளை ராஜபாளையத்துக்கு அனுப்பி வெட்டி வாங்கினோம். அங்கே வெட்டியது எதுவும் அளவுக்கு வரவில்லை. தறிக்காரர்கள் திருப்பியனுப்பினார்கள். வைகாசி நடுவில் கோமதியே வந்து வேட்டியை உருவினாள். "ஓட்டுங்க அத்தான்" என்றாள். ஓட்டினோம். சத்தம் வந்தது.

இப்போது ஒவ்வொரு பிற்பகலும் அவள் பட்டறைக்கு வந்து கட்டைக் குவியலின்மேல் உட்காருகிறாள். மின்சாரம் போவதற்காகக் காத்திருக்கிறாள். போனதும் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். உதடு அசைகிறது. என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் சோறு தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது என்று என் மனைவி பிரேமலதா சொல்கிறாள். இரு வீட்டுக்கும் ஒரே முற்றம். இவற்றை மறைக்க இயலாது.

சத்தம் நின்றால் அவள் அந்தக் குவியலைவிட்டு எழுந்துவிடுவாள். இது என் எண்ணம்.

15 ஜூன், ஞாயிறு

பிரேமலதா கேட்டது: "சத்தத்த எடுத்துட்டா அவ எதப் பிடிச்சிக்கிட்டு நிப்பா?"

விடை எழுத இடம் விட்டிருக்கிறேன்.

17 ஜூன், செவ்வாய்

காலையில் தறிகள் ஓடத் தொடங்குமுன் எந்திரத்தின் கதவுகளைத் திறந்தேன். சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கினேன். பிளேடின் ஒட்டுவாய் தட்டுகிறதா? அப்படியானால் பிளேடு முழுச் சுற்று வரும்போது ஒருமுறைதான் தட்ட வேண்டும். இது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டுகிறது. பேரிங்கா? கையால் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன், அப்போதும் உண்டு. மிஞ்சியது ரப்பர்.

இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். பிளேடு அதன்மேல்தான் ஓடும். இரும்பின்மேல் நேராக ஓடினால் பல் மழுங்கும், பிடிமானமும் இராது. மேல் சக்கரத்து ரப்பரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் விரல் இறங்கியது. மறுபடியும் சுற்றிக்கொண்டு வந்தேன். இறங்கியது. பிளேடின் அகலத்துக்கு ஒரு பள்ளம். அது முடியுமிடத்தில் படிபோல ஒரு மேடு.

காரணம் புரிய நேரமாகவில்லை. பட்டறையைப் பூட்டுமுன் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்திவிட வேண்டும். நான் எழுதிச் சுவரில் மாட்டிய விதிகளுள் அதுவும் ஒன்று. தம்பி ஒருநாளும் தவறியதில்லை. அந்த மாலையில் தளர்த்த அவன் இல்லை. பிறகு தொடவே கூடாதென்று ஆயிற்று. இறுகிய பிளேடு மழைக்காலம் முழுவதும், பனிக்காலம் முழுவதும், கோடையிலும் ஒரே இடத்தில் ரப்பரை அழுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. ரப்பர் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது.

பள்ளத்துக்கு நேரே ஆரக்காலில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். நிமிர்ந்தபோது கோமதி நின்றிருந்தாள்.

"இங்கனயா அத்தான்?"

"ஆமாம்."

கோட்டினருகே விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

"ரப்பர் கெட்டுவிட்டது. மாற்ற வேண்டும்" என்றேன். அது பொய் அன்று. முழு உண்மையும் அன்று.

"மாத்தலன்னா?"

"ஒருநாள் பிளேடு கழன்று தெறிக்கும். முன்னால் நிற்பவன் கை போய்விடும்."

விரலை மடக்கிக்கொண்டாள். "அப்ப மாத்துங்க அத்தான்" என்றாள்.

19 ஜூன், வியாழன்

கோயம்புத்தூரில் சொல்லியாகிவிட்டது. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு வளையம், உபரியாக ஒன்று.

23 ஜூன், திங்கள்

எந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். இன்று மின்சாரம் போனபோது பட்டறையில் எதுவுமே ஓடவில்லை. ஆனாலும் மூவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

26 ஜூன், வியாழன்

வளையங்கள் வந்தன. பழைய ரப்பரை உரித்தேன். உளியின் முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பியதும் பசை சிறுசிறு முனகலோடு விட்டுக்கொடுத்தது. ஒரு முழம் வந்தபின் கையால் பிடித்து இழுத்தேன். ஏதோ ஒன்றின் தோலை உரிப்பதுபோல் இருந்தது. எழுதும்போதும் கை கூசுகிறது. பள்ளம் விழுந்த பகுதி வந்ததும் நிறுத்தினேன். பிறகு கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு இழுத்துவிட்டேன். துண்டுகள் எல்லாம் குப்பை வண்டியோடு போயின. யாரும் கேட்கவில்லை.

விளிம்பில் கறுத்துப் படிந்திருந்த பழைய பசையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் இரும்பு பளிச்சிடும்வரை துடைத்தேன். எண்ணெய் பட்டால் ஒட்டாது, கை வைக்காதே என்று பேச்சிராஜிடம் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

"கேட்டாச்சுல்லா அண்ணாச்சி. நான் என்ன இங்கன தோச சுடவா வந்திருக்கேன்?"

தம்பி போனபின் பட்டறையில் முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். நானும்தான்.

27 ஜூன், வெள்ளி

கீழ்ச் சக்கரத்தைக் காலையிலேயே முடித்தோம். அடுத்து மேல் சக்கரம்.

பசையை விளிம்பில் மெல்லிய படலமாகத் தடவினேன். வளையத்தின் உட்புறத்திலும் தடவினேன். உடனே மாட்டக் கூடாது. விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் தெரியும்வரை ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். ஆறுகிற நேரத்தில் பக்கத்துத் தெருத் தறிக்காரர் பாதுஷா வாசலில் வந்து கூப்பிட்டார். மரக்கை எப்போது கிடைக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பேச்சிராஜ் டீ வாங்கப் போயிருந்தான். நான் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

திரும்பியபோது கோமதி சக்கரத்தருகே நின்றிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறாள். நெற்றியில் புற்றுமண் ஈரம் காயவில்லை.

"இது நல்லா ஒட்டிருமா அத்தான்?"

"ஒட்டிவிடும்."

"அப்ப சரி" என்றவள் வாசல்வரை போய்த் திரும்பி, "இனி அவுகளுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் போனாள்.

வளையம் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியது. அதுதான் கணக்கு, இழுத்து மாட்டினால்தான் கவ்வும். ஓரிடத்தைக் கவ்வியால் பிடித்துக்கொண்டு, பேச்சிராஜ் ஒருபுறமும் நான் மறுபுறமுமாக இழுத்து ஏற்றினோம். ஏறி அமர்ந்ததும் துணிப்பட்டையால் இறுகச் சுற்றிக் கட்டினோம். நாளைவரை தொடக் கூடாது.

28 ஜூன், சனி

துணிப்பட்டையை அவிழ்த்தேன். கட்டைவிரலால் சுற்றிக்கொண்டு வந்தேன். எங்கும் இறங்கவில்லை, எங்கும் ஏறவில்லை. பிளேடை மாட்டி, இறுக்கி, கையால் சுழற்றி, அது நடுவில் ஓடுகிறதா என்று பார்த்து, பிறகே மோட்டாரைப் போட்டேன். நானே முன்னால் நின்று பலகை ஒன்றை வெட்டினேன். நேர்வெட்டு. பேச்சிராஜ் தலையாட்டினான். கோமதி கட்டைக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குமேல் மின்சாரம் போனது.

தறிகள் அடங்கின.

டப்.

இல்லை என்று நினைத்தேன். டப். முன்பைவிட மெல்ல. ஆனால் அதேதான். பாய்ந்துபோய் மேல் கதவைத் திறந்து, கட்டையொன்றால் சக்கரத்தை அழுத்தி, சத்தம் வந்த கணத்திலேயே நிறுத்தினேன். சுண்ணக்கட்டிக் கோடு உச்சியில் நின்றது.

அதே ஆரக்கால். புது ரப்பர், புதுப் பசை, துடைத்த இரும்பு, அதே ஆரக்கால்.

பேச்சிராஜ் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு சொன்னான்: "செருப்பக் கழத்திட்டு நடக்காக அண்ணாச்சி."

கோமதி எழுந்து போய்விட்டாள். முகத்தை நான் பார்க்கவில்லை.

29 ஜூன், ஞாயிறு

அவள் படுக்கையைவிட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை. பிரேமலதா கஞ்சி கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். சுவரைப் பார்த்துக் கிடந்தவள் திரும்பாமலே பேசினாள்.

"நான் போகச் சொன்னேன் அத்தான். நான் பாத்துக்கிடுதேன், நீங்க நிம்மதியாப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவுக போகல்ல. கோவிச்சிட்டுத் திரும்பி வந்திருக்காக."

"அது ரப்பர், கோமதி."

"ரப்பரத்தான் நீங்க மாத்திட்டீகள்லா?"

கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். ஐம்பது வயதில், இயந்திரவியல் படித்து, நூற்பாலையில் இருபது ஆண்டு தர ஆய்வு செய்தவனால் முடிந்தது அவ்வளவுதான்.

1 ஜூலை, செவ்வாய்

பட்டறையைப் பூட்டிவிட்டோம். எந்திரம் ஓடவில்லை. ஆனாலும் மின்சாரம் போகும்போதெல்லாம் அவள் இரு காதுகளையும் பொத்திக்கொள்கிறாளாம்.

3 ஜூலை, வியாழன்

மதியம் சாப்பிடும்போது கேட்டது. உடனே எழுந்து பட்டறைப் பக்கம் பார்த்தேன். பூட்டு தொங்குகிறது. உட்கார்ந்தேன். மறுபடியும் கேட்டது.

"எங்க பாக்கிய? நீங்கதான் தட்டுதீக" என்றாள் பிரேமலதா. என் இடக்கை விரல் சோற்றுத் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. அதே இடைவெளியில். விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

தம்பி இறந்தபோது செய்ய வேண்டியவற்றை எல்லாம் வரிசைப்படி செய்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு ஏன்? என்ன வேண்டும் உனக்கு? என்னிடம் சொல்லேன்ல. நான் மூத்தவன்தானே?

இந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும்.

6 ஜூலை, ஞாயிறு

கோமதியின் அண்ணன் பெத்துராஜ் புளியங்குடியிலிருந்து வந்தார். எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, மிஷினுக்கு ரப்பர் மாத்துனீகளாம். மனுசிக்கு என்ன மாத்தப் போறீக?"

"உட்காருங்கள்."

"உக்காரதுக்கு வரல்ல. தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்தேன். அந்தச் சவத்துப்பய மிஷினப் பழைய இரும்புக்குப் போடுங்க. ஒரு உசிரு போனது காணாதா?"

உள்ளே போய்த் தங்கையைப் பார்த்ததும் அவருடைய சத்தமெல்லாம் இறங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "வாட்டி, அண்ணன் வீட்டுக்கு. அங்கன தறிச்சத்தம் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. மண்டியில எலுமிச்சம்பழம் உருளுத சத்தம் மட்டுந்தான்."

"அங்கன வந்தாலும் கேக்கும்ணே" என்றாள் அவள். "எனக்கு இனிமே எங்க போனாலும் கேக்கும்."

பிறகு பெத்துராஜ் முற்றத்தில் என்னிடம் தணிந்து பேசினார். மதுரையில் மனநல மருத்துவர் ஒருவரைத் தெரியுமாம். அடுத்த ஞாயிறு கார் கொண்டுவருகிறார். ஒருமுறை கிளம்பினால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பமாட்டாள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வீடும் பட்டறையில் பாதியும் அவளுடையவை. பதினெட்டு ஆண்டு இங்கே வாழ்ந்திருக்கிறாள். தன்னுடைய இடத்திலிருந்து, தன் கணவன் விரட்டினான் என்று நினைத்துக்கொண்டு போகப் போகிறாள்.

9 ஜூலை, புதன்

மேல் சக்கரத்தைக் கழற்றிக் கீழே இறக்கினேன். தனியாகவே. பேச்சிராஜ் வாசலில் நின்று வெளிச்சம் காட்டினான், உள்ளே வரவில்லை.

கோட்டுக்கு நேரே ரப்பரின் ஓரத்தில் உளியைக் கொடுத்தேன். மற்ற இடங்களில் பிடித்திருந்த பசை அந்த இடத்தில் பிடிக்கவே இல்லை; சட்டென்று விட்டது. மடக்கிப் பார்த்தேன்.

மண்.

ஒரு சிட்டிகை இருக்கும். செம்பழுப்பு. ஈரமாக வைத்துக் காய்ந்து கெட்டித்திருக்கிறது, பசையின் நிறத்திலேயே. விரலால் தடவினால் தெரியாது. இறுகிய பிளேடு அழுத்தும்போதுதான் அது எதிர்த்து நிற்கும். முகர்ந்து பார்த்தேன். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் புற்றுமண். அம்மைக்குப் பூசுவார்கள், பாம்பு கண்டால் வாசலில் தூவுவார்கள், சாந்தியில்லாத எதன்மேலும் இடுவார்கள். நான் பாதுஷாவிடம் பேசப் போயிருந்த நேரத்தில், ஆறிக்கொண்டிருந்த பசையின்மேல், நானே குறித்துக் கொடுத்த இடத்தில், அவள் இட்டிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அது நின்ற வேகம் எனக்கே வியப்பு. இப்போது இது எனக்கு மட்டும் தெரியும். துடைத்துவிட்டு உபரி வளையத்தை ஒட்டினால் சத்தம் நின்றுவிடும். ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் ஒருவழியாகப் போய்விட்டான் என்று அவள் நம்பட்டும். சொன்னால்? அவனுக்கு அமைதி வேண்டி அவள் செய்த ஒரே காரியம்தான் இத்தனை நாளும் அவளைக் கொன்றது என்று ஆகும்.

உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. சொல்லியும் பழக்கமில்லை போலிருக்கிறது. அளவைச் சொல்லியிருக்கிறேன். அது வேறு.

10 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பிரேமலதாவிடம் கேட்டேன், சொல்லலாமா என்று. "அவ புருஷன் அவமேல கோவமில்லன்னு சொல்லப் போறீக. இதுக்கு என்ன ரோசன?" என்றாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவே இல்லை.

காலையில் கோமதியைப் பட்டறைக்கு அழைத்துவந்தோம். பிரேமலதா தோளைப் பிடித்திருந்தாள். மடக்கிய ரப்பரையும் அதன் அடியில் இருந்ததையும் காட்டினேன். கோமதி ஒரு துணுக்கைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"இது நான் வச்சதுல்லா?"

"ஆமாம்."

"இதுவா சத்தம் போட்டுச்சு?"

"இதுதான். இது இருந்ததால் ரப்பர் ஒட்டவில்லை. பிளேடு ஏறி இறங்கியது."

மண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"சாந்தியாகட்டும்னு அம்மன் மண்ண வச்சா, அதுவே எந்திரிச்சி நடந்திருக்கே அத்தான்! நான் அவுகளப் போட்டு... பன்னெண்டு நாளாக் கஞ்சி குடிக்காம... ஏக்கா, கேட்டியளா..." மேலே பேச முடியாமல் பிரேமலதாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். வாசலிலிருந்து பேச்சிராஜ், "மதினி, நல்லவேள ஒரு சிட்டிகையோட விட்டிய. ஒரு கை வச்சிருந்தா ஓடியேயிருப்பாக" என்றான். அதற்கும் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அதுக்கு முன்னால கேட்டது?"

அதையும் சொன்னேன். பிளேடு தளர்த்தப்படாமல் கிடந்ததை, ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தியதை, சக்கரம் எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையில் பள்ளம் விழுந்ததை. படம் வரைந்துகூடக் காட்டியிருப்பேன். அவள் அதற்குள் புரிந்துகொண்டாள்.

"நிப்பாட்டுனது நாந்தான?"

"ஆமாம்."

"அப்ப அது அவுக காலு இல்ல. நான் பொத்தான அமுக்குன எடம்." வலது கையைத் தூக்கி, விரல்களைப் பார்த்தாள். "என் கைச் சத்தத்தயா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவளே துணியை எடுத்துத் தின்னரில் நனைத்தாள். மண்ணையும் பசையையும் துடைத்தாள். இரும்பு பளிச்சிட்டபின்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

12 ஜூலை, சனி

நேற்று ஒட்டிய வளையம். இன்று ஓட்டினோம். மின்சாரம் தானாகப் போகும்வரை காத்திருக்க கோமதிக்குப் பொறுமையில்லை. தறிகள் ஓய்ந்த உணவு இடைவேளையில், "நிப்பாட்டுங்க அத்தான்" என்றாள். பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை நான்கு பேரும் கடைசிவரை கேட்டோம்.

அவள் குவியலின்மேலிருந்து எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "பசிக்கி" என்றாள்.

13 ஜூலை, ஞாயிறு

பெத்துராஜ் காரோடு வந்தார். காலியாகத் திரும்பினார். அவர் வாசலில் நின்று எந்திரத்தை மறுபடியும் திட்டத் தொடங்கியதும் உள்ளேயிருந்து கோமதி: "எண்ணே, நீ மண்டிக்குப் போய் அழுகுனத பொறுக்கு. எங்க மிஷினப் பத்திப் பேசாத." அவர் என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார். காரில் ஏறியபின் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

21 ஜூலை, திங்கள்

சத்தம் இல்லை. ஆனாலும் பேச்சிராஜ் அந்த இடத்தில் நிற்க மறுக்கிறான். "நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சி அண்ணாச்சி. காலுக்குப் புரியல்ல."

நானே வெட்டுகிறேன். எனக்கு இது கைவந்த தொழில் அல்ல; மரக்கை பத்தில் மூன்று கழிகிறது. பாதுஷா இன்று எடுத்துப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பி வைத்தார்.

25 ஜூலை, வெள்ளி

"நான் நிக்கேன்" என்றாள் கோமதி.

முடியாது என்றேன். விதிகளைச் சொன்னேன். தலைமுடி இறுகக் கட்டியிருக்க வேண்டும், முந்தானை தொங்கக் கூடாது, தள்ளுகட்டை இல்லாமல் விரல் பிளேடை நெருங்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த விதி, கையில் வளையல் முதலியன அணியக் கூடாது என்பது. அதற்கு வாய் வரவில்லை. சுவர்ப் பலகையில் அவளே அதை வாசித்துவிட்டாள்.

"அதான் ஏற்கெனவே இல்லியே அத்தான்" என்றாள்.

காலில் தம்பியின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். பதினெட்டு ஆண்டு, டீ கொண்டுவந்த நேரத்திலெல்லாம் பார்த்திருக்கிறாள். கட்டையைப் பிடித்த பிடியில் தெரிந்தது. முதல் வெட்டு கோணல். இரண்டாவதும் கோணல். நான்காவதை அளந்தேன். நல்லவற்றோடு சேர்த்து வைத்தேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

ஆடித்தபசுக் கூட்டம் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டது. தெருவெங்கும் பந்தல். திருநாள்வரை வெட்டு இல்லை.

13 ஆகஸ்ட், புதன்

மரக்கை வாங்க வந்த பாதுஷா ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "யாரு அண்ணாச்சி வெட்டுனது, ராஜபாளையமா?" என்று கோமதிக்குக் கேட்கும்படி கேட்டார். வேண்டுமென்றுதான். "ராஜபாளையத்துக்காரன் வெட்டுனா நீங்க வந்து சண்டல்லா போடுவீக பாய்?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

21 ஆகஸ்ட், வியாழன்

மரக்கைகள் ஒரு கட்டு முடிந்தது. எல்லாம் அளவுக்குள்.

மாலை நான்கு மணிவாக்கில் மின்சாரம் போனது. பேச்சிராஜ் வெளியே கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வாசல் நிலையருகே, கோமதிக்குப் பின்னால் நின்றிருந்தேன். தறிகள் அடங்கின. சக்கரங்கள் ஓசையின்றிச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் அடுத்த கட்டையை மேசைமேல் வைத்து, அதில் போட்டிருந்த பென்சில் கோட்டைக் குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே, அன்றாடக் குரலில், "செத்தத் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்கி" என்றாள்.

நான் ஒதுங்கினேன். ஒதுங்கிய பின்தான் யோசித்தேன். சன்னல் அவளுக்கு முன்னால் இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய வெளிச்சத்தை மறைக்க இயலாது. என்னிடம் எதையேனும் செய்யச் சொன்னால் 'அத்தான்' என்று சேர்க்காமல் அவள் சொன்னதும் இல்லை.

சற்று நேரங்கழித்து, "ம், இப்பத் தெரியுது" என்றாள்.

மின்சாரம் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுக் கட்டையைத் தள்ளினாள். வெட்டு கோட்டின்மேலேயே போயிற்று.